படிப்பா, மெம்பரா? எச்.ஆர். வேலை விளம்பரத்தின் ஒரு வரியைப் பற்றி

அண்ணன் மகள் லெஸ்டரில் இருக்கிறாள். போன மாதம் மூன்று வேலை விளம்பரங்களை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு, கூடவே ஒரு குரல் பதிவும் போட்டிருந்தாள். "அத்தை, இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க. மூணுமே எச்.ஆர். அட்வைசர் வேலைதான். ஆனா இவங்க என்ன கேக்கறாங்கன்னே தெரியலைங்க. படிச்சிருக்கணுமா, மெம்பரா இருக்கணுமா?"

படித்துப் பார்த்தேன். முதல் விளம்பரம் 'சி.ஐ.பி.டி. தகுதி பெற்றவர்' வேண்டும் என்றது. இரண்டாவது, 'சி.ஐ.பி.டி. உறுப்பினர், அல்லது அதை நோக்கிச் சென்றுகொண்டிருப்பவர்' என்றது. மூன்றாவது, 'சி.ஐ.பி.டி. லெவல் 5 அல்லது அதற்கு இணையானது' என்றது. வேலை விவரம் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே. விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை, குறைகேட்பு, ஆளெடுப்பு, மேலாளர்களுக்கு ஆலோசனை. ஒரே மாதிரி வேலைக்கு மூன்று விதமான வாசல்.

நாவலுக்கு விமர்சனம் எழுதுகிறோம், சினிமாவுக்கு எழுதுகிறோம். வேலை விளம்பரத்துக்கு யாரும் எழுதுவதில்லை. ஆனால் வேலை தேடுகிற ஒருவர் விளம்பரத்தைப் படிக்கிற மாதிரி எந்த வாசகரும் எந்த நாவலையும் படிப்பதில்லை. ஒவ்வொரு சொல்லையும் தடவிப் பார்த்து, 'இதுக்குள்ள நான் இருக்கேனா' என்று தேடுகிற வாசிப்பு அது. அதனால் இந்தக் குறிப்பில் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எச்.ஆர். துறைக்காரர்கள் மற்ற எல்லாத் துறைகளுக்கும் வேலை விளம்பரம் எழுதித் தருகிறவர்கள். தங்கள் சொந்தத் துறைக்கு ஆள் எடுக்கும்போது எப்படி எழுதுகிறார்கள் என்று பார்ப்பது தப்பில்லை.

ஒரே பெயரில் இரண்டு ஏணி

சி.ஐ.பி.டி. என்பது சார்ட்டர்ட் இன்ஸ்டிட்யூட் ஆஃப் பர்சனல் அண்ட் டெவலப்மென்ட். பிரிட்டனில் எச்.ஆர். ஆட்களின் தொழில்முறை அமைப்பு. 2000-ல் அரச சாசனம் பெற்றது. குழப்பம் எங்கே ஆரம்பிக்கிறது என்றால், இந்த அமைப்பு இரண்டு வெவ்வேறு பொருள்களை ஒரே பெயரில் தருகிறது.

ஒன்று படிப்பு. லெவல் 3, லெவல் 5, லெவல் 7 என்று மூன்று படிகள். லெவல் 3 நம்ம ப்ளஸ் டூ தரம். லெவல் 5 பட்டப்படிப்பின் நடுவில் வரும். லெவல் 7 முதுகலைத் தரம். இதை முடித்துவிட்டால் முடித்ததுதான். யாரும் திரும்ப வாங்க முடியாது. இருபது வருடம் கழித்தும் 'நான் லெவல் 5 முடித்தவர்' என்று எழுதலாம்.

இன்னொன்று உறுப்பினர் நிலை. மாணவர், ஃபவுண்டேஷன், அசோசியேட், சார்ட்டர்ட் மெம்பர், சார்ட்டர்ட் ஃபெல்லோ என்று இதற்குத் தனிப் படிகள். இதற்கு வருடா வருடம் சந்தா கட்ட வேண்டும். சந்தா நின்றால் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் எழுத்துகளும் போய்விடும்.

இரண்டு ஏணிகளுக்கும் நடுவில் பலகை போட்டு இணைத்திருக்கிறார்கள். படிப்பை முடித்தால் உறுப்பினர் நிலையில் ஏறலாம். ஆனால் லெவல் 7 முடித்துவிட்டாலும், வேலையில் செய்து காட்டியதற்கான சான்று இல்லாமல் சார்ட்டர்ட் மெம்பர் ஆக முடியாது. மறுபக்கம், அந்தப் படிப்பு எதையுமே படிக்காமல், பல வருட வேலை அனுபவத்தைச் சான்றுகளோடு காட்டி, அனுபவ மதிப்பீடு என்ற வழியில் உறுப்பினராகவும் ஆகலாம்.

இப்போது முதல் விளம்பரத்தின் 'சி.ஐ.பி.டி. தகுதி பெற்றவர்' என்ற சொல்லை எடுத்து நான்கு பேர் மீது வைத்துப் பாருங்கள்.

முதல் ஆள் பதினைந்து வருடம் முன்பு படிப்பை முடித்தார். குழந்தை பிறந்தபோது சந்தாவை நிறுத்திவிட்டார். இன்று உறுப்பினர் இல்லை.

இரண்டாவது ஆள் அனுபவ மதிப்பீட்டில் சார்ட்டர்ட் மெம்பர் ஆனவர். சி.ஐ.பி.டி. படிப்பு எதுவும் படித்ததில்லை.

மூன்றாவது ஆள் லெவல் 3-ல் போன வாரம் சேர்ந்தவர். படிக்கிற காலத்தில் மாணவர் உறுப்பினராக இருக்க வேண்டும் என்பதால் அவரிடம் உறுப்பினர் எண் இருக்கிறது.

நான்காவது ஆள், ஏழு வருடம் திருப்பூர்ப் பக்கம் ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆலையில் தொழிலாளர் நல அலுவலராக இருந்த என் அண்ணன் மகள். கோவையில் எம்.எஸ்.டபிள்யூ. படித்தவள்.

இதில் 'தகுதி பெற்றவர்' யார்? முதல் ஆள் படிப்பு என்ற கணக்கில் உள்ளே, உறுப்பினர் என்ற கணக்கில் வெளியே. இரண்டாவது ஆள் அதற்கு நேர்மாறு. மூன்றாவது ஆளுக்கு எதுவுமே தெரியாவிட்டாலும், 'அதை நோக்கிச் சென்றுகொண்டிருப்பவர்' என்ற இரண்டாம் விளம்பரத்துக்குள் சௌகரியமாக உட்கார்ந்துவிடுவார். நான்காவது ஆள் 'அதற்கு இணையானது' என்ற இரண்டு சொல்லுக்குள் தன்னை எப்படியாவது நுழைத்துக்கொள்ள வேண்டும். இணையா இல்லையா என்று தீர்மானிப்பவர் யார் என்று விளம்பரம் சொல்லவில்லை. வெளிநாட்டுப் பட்டங்களுக்கு ஒப்பீட்டுச் சான்று தர யு.கே. எனிக் என்ற அமைப்பு இருக்கிறது. ஆனால் அது உங்கள் பட்டம் எந்தக் கல்வித் தரத்தில் நிற்கிறது என்று சொல்லும். ஒரு ஒழுங்கு விசாரணையை உங்களால் நடத்த முடியுமா என்று சொல்லாது.

மூன்று நிறுவனங்களுக்கும் நேரடியாகக் கேட்டு எழுதச் சொன்னேன். 'நீங்கள் கேட்பது முடித்த படிப்பா, நடப்பு உறுப்பினர் நிலையா?' ஒரே ஒரு கேள்வி. இரண்டு பேர் பதிலே போடவில்லை. ஒருவர் மரியாதையாகப் பதில் போட்டார். எது இருந்தாலும் சரிதான், அந்த வரி போன தடவை போட்ட விளம்பரத்திலிருந்து எடுத்தது என்று எழுதியிருந்தார். எனக்கு அந்த மனிதர் மேல் கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னாரே. ஆனால் அந்த வரியைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் விண்ணப்பிக்காமலே போயிருப்பார்கள் என்று யோசித்தேன்.

மறந்துபோன பூர்வீகம்

இதில் எனக்கு மிகவும் உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. இவள் பயோடேட்டாவில் 'வெல்ஃபேர் ஆபீசர்' என்று இருப்பதைப் பார்த்த ஒரு ஏஜென்சிப் பெண், "இது சமூக சேவை மாதிரி தெரியுது, எச்.ஆர். அனுபவம் ஏதாவது இருக்கா" என்று கேட்டிருக்கிறார்.

சி.ஐ.பி.டி.யின் பிறப்பை எடுத்துப் பாருங்கள். 1913-ல் யார்க் நகரத்தில், ரவுன்ட்ரீ கோகோ ஆலையில் தொழிலாளர் நலப் பணியாளர்கள் சிலர் கூடி ஆரம்பித்த சங்கம் அது. அன்றைக்கு வைத்த பெயர் வெல்ஃபேர் ஒர்க்கர்ஸ் அசோசியேஷன். ஆலையில் வேலை செய்த பெண்களின் சாப்பாடு, ஓய்வு, உடல்நலம், குறைகள் இவற்றைக் கவனித்தவர்கள்தான் அதன் முதல் உறுப்பினர்கள். பிறகு பெயர் மாறி மாறி, 1946-ல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் பர்சனல் மேனேஜ்மென்ட் ஆனது. 1994-ல் பயிற்சித் துறை அமைப்போடு இணைந்தது. 2000-ல் இன்றைய பெயர். இந்தப் பெயர் மாற்றங்களில் 'நலம்' என்ற சொல் எப்போதோ உதிர்ந்துவிட்டது.

ஆக, இவள் திருப்பூரில் பார்த்த வேலையின் பெயரும் அந்தச் சங்கத்தின் முதல் பெயரும் ஒன்று. பேத்தி வீட்டு வாசலில் நிற்கிறாள், வீட்டுக்காரர்களுக்கு அடையாளம் தெரியவில்லை.

நம்ம ஊரில் இந்த வேலை வந்த வழி வேறு. ஆலைகளில் ஆள் சேர்ப்பது, நீக்குவது, லஞ்சம் வாங்குவது எல்லாம் ஜாபர், மேஸ்திரி கையில் இருந்த காலம். ராயல் கமிஷன் ஆன் லேபர் 1931-ல் தந்த அறிக்கையில், அந்த அதிகாரத்தை அவர்களிடமிருந்து எடுத்து லேபர் ஆபீசர் என்ற தனி அதிகாரியிடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. பிறகு 1948 தொழிற்சாலைகள் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. 49-வது பிரிவின்படி, 500 அல்லது அதற்கு மேல் தொழிலாளர்கள் உள்ள ஆலையில் நல அலுவலர் இருந்தே ஆக வேண்டியிருந்தது. அவருடைய கடமை என்ன, தகுதி என்ன, பணி நிபந்தனை என்ன என்பதை மாநில அரசு விதியாக வகுக்கலாம். 2020-ல் வந்த தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச் சூழல் சட்டத்தொகுப்பு இந்த எண்ணிக்கையை 250 ஆக இறக்கியது.

அதனால்தான் தமிழ்நாட்டில் நல அலுவலர் வேலைக்கு என்ன படித்திருக்க வேண்டும் என்பது விதியிலேயே இருக்கிறது. தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் ஒவ்வொரு வருடமும் சேர்க்கை அறிவிப்பு வெளியிடும்போது, எங்கள் படிப்பு நல அலுவலர் பதவிக்கு விதிகளில் சொல்லப்பட்ட கல்வித் தகுதி என்று குறிப்பிடுவதைப் பார்த்திருப்பீர்கள். உறுப்பினர் என்ற பேச்சே இங்கே இல்லை. தொழில்முறை அமைப்பு இல்லாமலும் இல்லை. கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருந்த இரண்டு அமைப்புகள் 1980-ல் இணைந்து உருவான என்.ஐ.பி.எம். இருக்கிறது. அது தானே ஒரு டிப்ளமோவும் நடத்துகிறது. ஆனால் நான் பார்த்த வரை, கோவை, திருப்பூர், ஓசூர்ப் பக்க விளம்பரங்களில் எம்.எஸ்.டபிள்யூ., எம்.பி.ஏ. என்று பட்டத்தைக் கேட்பார்கள். எந்தச் சங்கத்தில் மெம்பர் என்று கேட்டதில்லை. மாதக் கூட்டத்துக்குப் போவது, நாலு பேரைத் தெரிந்துகொள்வது, அதன் மூலம் அடுத்த வேலை காதில் விழுவது, இதுதான் நம்ம ஊரில் மெம்பர்ஷிப்புக்கு இருக்கும் மதிப்பு.

இரண்டு ஊரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

இங்கே பட்டம் கட்டாயம், சங்கம் விருப்பம். அங்கே எதுவுமே சட்டப்படி கட்டாயமில்லை. பிரிட்டனில் நர்ஸாக வேலை பார்க்க வேண்டுமானால் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும், அது சட்டம். எச்.ஆர். மேனேஜர் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்ளலாம். சட்டம் விட்டுவைத்த அந்தக் காலி இடத்தைத்தான் விளம்பரத்தின் ஒரு வரி நிரப்புகிறது.

சரி, காலி இடத்தை எதை வைத்து நிரப்புவது? இங்கேதான் அந்த வரியின் மேல் எனக்குள்ள முக்கியமான குறை.

படிப்பு ஒரு கேள்விக்குப் பதில்: 'இந்த வேலைக்கு வேண்டியது உனக்குத் தெரியுமா?' உறுப்பினர் நிலை வேறொரு கேள்விக்குப் பதில்: 'நீ தப்பு செய்தால் யாரிடம் பதில் சொல்வாய்?' சி.ஐ.பி.டி. உறுப்பினர்களுக்கு நடத்தை நெறி ஒன்று இருக்கிறது. அதை மீறினார் என்று உறுப்பினர் மேல் புகார் கொடுக்கலாம். அமைப்பு நடவடிக்கை எடுக்கலாம். சங்கத்துக்கு வெளியே இருக்கிறவர் மேல் அப்படி ஒன்றும் செய்ய முடியாது. பல்கலைக்கழகம் கொடுத்த பட்டத்தை, வேலையில் நடந்துகொண்ட முறைக்காக யாரும் பறிப்பதில்லை. பட்டத்தால் தர முடியாத ஒன்றை உறுப்பினர் நிலை தரக்கூடும் என்றால் அது இதுதான், பறிக்கப்படக்கூடியது என்பது.

எச்.ஆர். வேலையில் இது சாதாரண விஷயமில்லை. சம்பளம் கொடுப்பது நிர்வாகம். கதவைத் தட்டி வருவது தொழிலாளி. நல அலுவலராக இருந்தபோது இவள் தினமும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நின்றாள். ஹாஸ்டலில் தண்ணீர் வரவில்லை, கேன்டீன் சோற்றில் கல், குழந்தைகள் காப்பகத்துக்கு ஆயா வரவில்லை, சூப்பர்வைசர் கெட்ட வார்த்தை பேசுகிறார் என்று எல்லாம் இவளிடம்தான் வரும். கேன்டீனும் காப்பகமும் சட்டத்தில் இருக்கிறது என்று எம்.டி.க்கு ஞாபகப்படுத்த வேண்டிய ஆளும் இவள்தான். சில மாநிலங்களின் விதிகள் நல அலுவலரை, தொழிலாளிக்கு எதிராக நிர்வாகத்தின் சார்பில் விசாரணையிலோ நீதிமன்றத்திலோ நிற்கக் கூடாது என்று தடுத்திருக்கின்றன. அந்த இடத்தின் சிக்கல் சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனாலும் பட்டம் வாங்கிய நல அலுவலர் நிர்வாகத்துக்குப் பயந்து பேசாமல் இருந்தால், அவர் எந்தச் சங்கத்திடமும் பதில் சொல்ல வேண்டியதில்லை. நம்ம ஏற்பாட்டின் ஓட்டை அது.

பிரிட்டனில் அந்த ஓட்டையை அடைக்க ஒரு கருவி கையில் இருக்கிறது. ஆனால் விளம்பரம் அந்தக் கருவியை என்ன செய்கிறது? 'தகுதி பெற்றவர்' என்று எழுதி, உறுப்பினர் நிலையை இன்னொரு பட்டம் மாதிரி ஆக்கிவிடுகிறது. இருநூறு விண்ணப்பம் வந்தால் இருபதாகக் குறைக்கும் சல்லடை. நெறிமுறைக்குக் கட்டுப்பட்ட ஆள் வேண்டும் என்று உண்மையிலேயே நினைக்கிற நிறுவனம், 'நடப்பு உறுப்பினர். சேர்ந்த ஒரு வருடத்துக்குள் ஆனாலும் போதும், சந்தா நாங்கள் கட்டுகிறோம்' என்று எழுதும். அந்த மூன்று விளம்பரங்களில் ஒன்றிலும் அப்படி இல்லை. தங்களுக்கு வேண்டியது பதில் சொல்லும் பொறுப்பா, பாடம் படித்த அறிவா என்று யோசித்த அடையாளமும் இல்லை.

தங்களுக்கே தெரிந்த பாடம்

இதைவிட வேடிக்கை ஒன்று இருக்கிறது. காரணம் சொல்ல முடியாத தகுதி நிபந்தனை ஆபத்தானது என்பது பிரிட்டனின் எச்.ஆர். ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். 2010 சமத்துவச் சட்டத்தைப் படிக்கிற யாருக்கும் ஹோமர் வழக்கு தெரிந்திருக்கும்.

ஹோமர் போலீஸிலிருந்து ஓய்வு பெற்றவர். 1995-ல் போலீஸாருக்கான சட்டத் தகவல் சேவை ஒன்றில் சட்ட ஆலோசகராகச் சேர்ந்தார். சட்டப் பட்டம் கிடையாது. குற்றவியல் சட்டத்தில் அவருக்கிருந்த அனுபவத்தை வைத்துத்தான் எடுத்தார்கள். பத்து வருடம் கழித்து, சம்பள உயர்வின் மேல்படிக்கு சட்டப் பட்டம் வேண்டும் என்று புதிய ஏற்பாடு வந்தது. அவர் அறுபதைத் தாண்டியிருந்தார். வேலை பார்த்துக்கொண்டே படித்தால், பட்டம் கைக்கு வருவதற்குள் 65 வயதில் ஓய்வு பெற்றுவிடுவார். 2012-ல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் இது வயது அடிப்படையிலான மறைமுகப் பாகுபாடு என்று ஏற்றுக்கொண்டது. அந்த நிபந்தனைக்கு நியாயம் உண்டா என்ற கேள்வியை மறுபடி தீர்ப்பாயத்துக்கு அனுப்பியது.

பட்டம் கேட்கக் கூடாது என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. கேட்டால் எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், அந்த நோக்கத்துக்கு இவ்வளவு கடுமையான நிபந்தனை தேவைதானா என்று பார்த்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். கம்பெனியின் மற்ற மேலாளர்களுக்கு இதை விளக்கிச் சொல்வதே எச்.ஆர். அட்வைசரின் வேலை. அந்த அட்வைசரையே தேடும் விளம்பரத்தில், எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஒரு வரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. வைத்தியர் வீட்டிலேயே பத்தியம் இல்லை.

எதிர்ப்பக்க நியாயம்

ஒருதலைப்பட்சமாக முடித்துவிடக் கூடாது. விளம்பரம் போடுகிறவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

அண்ணன் மகளிடம் போனில் பேசும்போது ஒன்று கேட்டேன். "ஒரு ஆள் மேல புகார் வருது. அங்க முதல்ல என்ன செய்வே?" பட்டென்று பதில் வந்தது: "சார்ஜ் மெமோ குடுத்து, விளக்கம் வாங்கி, என்கொயரி ஆபீசர் போட்டு, ஸ்டேண்டிங் ஆர்டர்ஸ் பிரகாரம்..." என்று அடுக்கிக்கொண்டு போனாள். பத்து மார்க் போடலாம். ஆனால் அது நம்ம ஊர்ப் பாடம். பிரிட்டனில் ஒழுங்கு நடவடிக்கைக்கும் குறைகேட்புக்கும் ஏகாஸ் அமைப்பின் நடைமுறைக் கோவை இருக்கிறது. நிறுவனம் அதை நியாயமில்லாமல் மீறினால், தீர்ப்பாயம் இழப்பீட்டை 25 சதவீதம் வரை கூட்டலாம். அது அவளுக்குத் தெரியாது. "அது என்னங்க அத்தை?" என்றாள்.

அப்படியானால் லெவல் 5 கேட்கிற மூன்றாவது விளம்பரத்தில் ஒரு அர்த்தம் இருக்கிறது. அந்த ஊர்ச் சட்டம் தெரிந்த ஆள் வேண்டும் என்று நினைப்பது தப்பில்லை. நான் கேட்பது, அதையே நேராக எழுதினால் என்ன? 'ஏகாஸ் கோவையின்படி ஒரு குறைகேட்பை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை நடத்தத் தெரிந்திருக்க வேண்டும்' என்று எழுதலாம். படித்துத் தெரிந்துகொண்டவர், வேலையில் பழகித் தெரிந்துகொண்டவர், எம்.எஸ்.டபிள்யூ. படித்துவிட்டு நூலகத்தில் உட்கார்ந்து தானே தெரிந்துகொண்டவர், எல்லாரும் அந்த வாசல் வழியாக வரலாம். நேர்காணலில் கேட்டு முடிவு செய்துகொள்ளலாம்.

கூடவே இன்னொன்று. மெம்பர்ஷிப்பை வெறும் வியாபாரம் என்று தள்ளிவிட நான் தயாரில்லை. புதிய ஊரில் யாரையும் தெரியாத ஒருத்திக்கு, கிளைக் கூட்டத்தில் போய் உட்கார ஒரு நாற்காலி கிடைப்பது சின்ன விஷயமா? அனுபவ மதிப்பீடு என்ற வழியை வைத்திருப்பதற்காக அந்த அமைப்பைப் பாராட்டவும் வேண்டும். செய்த வேலையைப் படிப்புக்குச் சமமாக எடை போடும் ஏற்பாடு நம்ம ஊரில் எங்கே இருக்கிறது? ஏழெட்டு வருடம் பர்சனல் டிபார்ட்மென்டில் கிளார்க்காக இருந்து எல்லாம் கற்றுக்கொண்டவர், விதியில் சொன்ன பட்டம் இல்லாததால் நல அலுவலர் ஆக முடியாமல் அப்படியே ரிட்டையர் ஆவதைப் பார்த்திருக்கிறேன். புதிதாக வரும் நல அலுவலருக்கு வேலை சொல்லிக் கொடுக்கிறவரும் அவராகத்தான் இருப்பார்.

அவளுக்கு என்ன சொன்னேன்

இந்த நிலைமையில் இருக்கிற வேறு யாருக்காவது உதவும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

முதலில் பயோடேட்டாவை மாற்றச் சொன்னேன். 'வெல்ஃபேர் ஆபீசர்' என்ற பெயரை அப்படியே விட்டால் அங்கே யாருக்கும் புரியாது. அது சட்டப்படி கட்டாயமான பதவி, எத்தனை தொழிலாளர்களுக்குப் பொறுப்பு, எத்தனை குறைகேட்பு, எத்தனை விசாரணை, என்னென்ன முடிவு என்று இரண்டு வரியில் எழுத வேண்டும். பெயரை மாற்றிப் பொய் சொல்லத் தேவையில்லை, செய்ததைச் சொன்னால் போதும்.

இரண்டாவது, விளம்பரத்தில் அந்த வரி குழப்பமாக இருந்தால் விண்ணப்பிப்பதற்கு முன்பு கேட்டு எழுது. கேட்பதால் குறைந்துபோக மாட்டாய். மூன்றில் ஒருவர் பதில் போட்டாலும் லாபம்.

மூன்றாவது, பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் படிப்புக்குப் போடு. சந்தாவை மட்டும் கட்டி வாங்குகிற ஆரம்ப நிலை உறுப்பினர் எண், தெரியாத சட்டத்தைத் தெரியவைக்காது. அந்த ஊரில் ஒன்றிரண்டு வருடம் வேலை பார்த்த பிறகு அனுபவ மதிப்பீட்டுக்குப் போகலாம். அப்போது திருப்பூரில் பார்த்த ஏழு வருடத்தையும் சேர்த்துப் பேச வாய்ப்பு வரும்.

கடைசியாக, ஒரு காலத்தில் நீயே ஆள் எடுக்கிற இடத்தில் உட்காருவாய். அன்றைக்குப் பழைய விளம்பரத்தைத் திறந்து, தேதியை மட்டும் மாற்றி அனுப்பாதே என்றேன்.

"சரிங்க அத்தை" என்றவள், கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு குரல் பதிவு போட்டாள். "அந்த எது இருந்தாலும் சரின்னு பதில் போட்டாரே, அவங்களுக்கே அப்ளை பண்ணிட்டேன். எங்கிட்ட ரெண்டும் இல்லைன்னு எழுதி, என்ன தெரியும், என்ன தெரியாதுன்னு ஒரு பக்கம் எழுதியிருக்கேன். ஏகாஸ் கோவையும் படிச்சு முடிச்சுட்டேங்க."

இன்னும் பதில் வரவில்லை. வந்தால் இந்தக் குறிப்பின் கீழேயே சேர்க்கிறேன்.